அந்த மேசையைத் திருப்பித் தாருங்கள்

ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்கப்பல் தொடர்களை இன்று கையில் வைத்திருப்பவர்களுக்கும், அவற்றை எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருந்து எழுதுகிறேன். கணினி திருத்துகிற சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ஆனால் உங்களுக்கும் கடிதங்களுக்கும் பழைய உறவு இருக்கிறது, அந்தத் துணிவில்தான் தொடங்குகிறேன். 1967 முடியும் நேரம், முதல் தொடரை இரண்டாவது சீசனோடு நிறுத்தப் பார்த்தபோது பீஜோ ட்ரிம்பிள் என்ற ரசிகையும் அவருடைய கணவரும் ஆட்களைத் திரட்டி, அதை ஒளிபரப்பிய என்பிசி நிலையத்துக்குக் கடிதம் போடவைத்தார்கள். மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தது. 1968 மார்ச்சில் அந்த நிலையம், தொடர் நிற்காது என்று தன் ஒளிபரப்பிலேயே அறிவிக்க வேண்டியதாயிற்று. (அறிவித்துவிட்டு வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தூக்கிப் போட்டார்கள் என்பது வேறு கதை.) அந்த மூன்றாவது சீசனையும் சேர்த்துத்தான் 79 எபிசோட். அவ்வளவு இருந்ததால்தான் பிறகு வருடக்கணக்காக ஊர் ஊராக மறுஒளிபரப்பு நடந்தது. நீங்கள் இன்று வைத்திருக்கும் சொத்து அப்படித்தான் சொத்தாயிற்று. ஆகவே ரசிகர் கடிதம் என்றதும் குப்பைக்கூடையைத் தேட வேண்டாம்.

2026 செப்டெம்பர் 8ஆம் திகதி அந்தத் தொடருக்கு 60 வயது. எங்கள் ஊரில் 60 என்றால் மணிவிழா. பிள்ளைகள் சேர்ந்து நடத்துவார்கள், மலர் அச்சடிப்பார்கள், அதில் உண்மையும் பொய்யும் கலந்து எழுதுவார்கள். நான் மலருக்குக் கட்டுரை எழுத வரவில்லை. விழாவுக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் மெதுவாகக் கேட்பாரே, "தம்பி, அப்பாவை வடிவாப் பாக்கிறியளோ?" என்று, அந்த மாதிரிக் கதை இது: உங்கள் புதிய தொடர்களில் காணாமல்போன ஒரு மேசையைப் பற்றி.

நான் முதன்முதலில் ஸ்டார் ட்ரெக் பார்த்தது 1995 தொடக்கத்தில். எனக்கு 13 வயது. குடாநாட்டில் மின்சாரம் போய் நாலரை வருடமாகியிருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட காலம். அந்த ஜனவரியில் போர்நிறுத்தம் வந்து ஏப்ரலில் முறியும்வரை கொஞ்சம் மூச்சு விட்டோம். அப்போது கொழும்புக்குப் போய் வந்த சித்தப்பா, லண்டனில் இருந்த தம்பி கொடுத்துவிட்டதென்று நாலு கசற் கொண்டுவந்தார். ஒரு கசற்றில் இரண்டு கதை. முதல் தொடருக்குப் பிறகு வந்த 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடர்.

பார்ப்பதென்றால் சும்மாவா? ஒழுங்கையில் ஒருவரிடம் ஜெனரேற்றர், இன்னொருவரிடம் டெக், எங்களிடம் 14 அங்குல ரிவி. முதலில் ஒரு மூடி பெற்றோல் விட்டு இழுத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில், அதுவும் யானை விலை. ஆகவே யாரும் எழும்பிப் போக மாட்டார்கள். விளங்குதோ இல்லையோ, முடியும்வரை முற்றத்துச் சனம் முழுக்க இருக்கும்.

அப்படி இருந்தவர்களில் ஒருவர் என் அம்மம்மா. ஒரு சொல் ஆங்கிலம் தெரியாது. அன்று ஓடியது 'டார்மொக்'. அதில் வருகிற வேற்றுக்கிரகத்தார் பேசுகிற ஒவ்வொரு சொல்லையும் கப்பலின் மொழிமாற்றி மாற்றித் தருகிறது, ஆனாலும் யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. "டார்மொக்கும் ஜலாடும், தனாக்ராவில்" என்கிறான். "ஷாக்கா, மதில்கள் விழுந்தபோது" என்கிறான். கப்பலில் இருப்பவர்கள் முழிக்கிறார்கள், நாங்களும் முழிக்கிறோம். பெரியண்ணாதான் பக்கத்தில் இருந்து தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். "என்னவோ ஆக்களின்ர பேரும் ஊரின்ர பேரும் சொல்லுறான், அம்மம்மா. அவங்களுக்கே விளங்கேல்லையாம்."

அம்மம்மா வெற்றிலையை ஒதுக்கிவிட்டுச் சொன்னார்: "இதில விளங்க என்ன கிடக்கு? கதையைச் சொல்லிக் கதைக்கிறான். உன்ர கொப்பனைப் பாத்து, அரிச்சந்திரன் மயானத்தில எண்டு நான் சொன்னா உனக்கு விளங்குந்தானே?"

நடிகமணி வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்ட நாடகத்தைக் கோயில் வீதிகளில் விடிய விடிய இருந்து பார்த்தவர் அவர். அந்தக் கப்பலின் கப்டன் பிக்கார்ட் அதைப் பிடிப்பதற்கு முன்பே அம்மம்மா பிடித்துவிட்டார். கடைசியில், தன் பாஷையை மற்றவனுக்கு விளங்கப்படுத்த உயிரையே கொடுத்த அந்த வேற்றுக்கிரகக் கப்டன் செத்தபோது, "பாவம், நல்ல மனுசன்" என்று கண்ணைத் துடைத்தார். அந்த மனுசனுக்கு மனுச முகமே இல்லை.

அந்த ஒக்டோபர் 30இல் சண்டையால் ஊரே தென்மராட்சிக்கு நடந்தது. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது டெக்கும் இல்லை, கசற்றும் இல்லை. அது கிடக்கட்டும்.

நான் சொல்ல வந்தது மேசையைப் பற்றி. அந்தத் தொடரில் பெரிய யன்னல்கள் உள்ள ஒரு அறை வரும். யன்னலுக்கு வெளியே நட்சத்திரங்கள், உள்ளே நீண்ட மேசை. ஏதாவது சிக்கல் வந்தால் எல்லோரும் அங்கே வந்து இருப்பார்கள். வைத்தியர் ஒன்று சொல்வார், பொறியியலாளர் இல்லை என்பார், போர்வீரனான வோர்ஃப் எப்போதும் போலச் சண்டைதான் ஒரே வழி என்பார். பிக்கார்ட் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு முடிவு சொல்வார். அதுவரை எதிர்த்தவரும் எழும்பிப்போய் அந்த முடிவைச் செய்வார். யாரும் கதிரையை உதைத்துக்கொண்டு வெளியேறுவதில்லை. எங்கள் வாசிகசாலையிலும் ஒரு நீண்ட மேசை இருந்தது. அதைச் சுற்றி ஒரு நாளும் ஒரு கூட்டமும் அப்படி முடிந்ததை நான் கண்டதில்லை. கோயில் நிர்வாகசபைக் கூட்டங்களைப் பற்றி எழுதவே வேண்டாம். வெளியே நாட்டில் நடந்த பேச்சுவார்த்தைகள் எப்படி முடிந்தன என்பதும் தெரிந்ததுதான். 13 வயதுப் பொடியனுக்கு ஒளியைவிட வேகமாகப் போகிற கப்பல் பெரிய அதிசயமாகப் படவில்லை. அந்த மேசைதான் விஞ்ஞானப் புனைகதையாகப் பட்டது.

1989இல் வந்த 'த மெஷர் ஒஃப் அ மேன்' கதையில் முழுக்க முழுக்க நடப்பது ஒரு விசாரணைதான். டேட்டா என்ற இயந்திர மனிதன் ஒரு உயிரா, படையின் உடைமையா? கழற்றிப் பார்க்க ஒருவர் கேட்கிறார். டேட்டாவின் நண்பனே அவனுக்கு எதிராக வாதாட வேண்டிய நிலை. ஒரு துவக்குச் சூடு இல்லை. ஆனால் நான் அதைப் பார்த்தபோது எழும்பிப் போய்த் தண்ணீர் குடிக்கவும் மனம் வரவில்லை.

2003 அளவில் விடுதி அறையில் வீசிடியில் 'த இன்னர் லைட்' பார்த்தோம். பிக்கார்ட் 25 நிமிடம் மயங்கிக் கிடக்கிறார். அதற்குள் வேறொரு ஊரில் ஒரு முழு வாழ்க்கை வாழ்ந்து முடிக்கிறார்: மனைவி, பிள்ளைகள், பேரன், வாசிக்கப் பழகிய புல்லாங்குழல். கண் விழித்தால், அந்த ஊர் அழிந்து ஆயிரம் வருடமாகிறது. தங்களை யாராவது நினைவில் வைத்திருக்க வேண்டுமென்று அந்தச் சனம் கடைசியாக விண்ணுக்கு அனுப்பிய ஒரு கருவிதான் அந்த நினைவை அவருக்குள் போட்டது. என்னோடு பார்த்த நண்பன் மயிலிட்டிக்காரன். 1990இல் ஊரை விட்டவன். கதை முடிந்ததும் ஒன்றும் பேசாமல் வெளியே போய்விட்டான். 27 வருடம் கழித்து 2017இல் இராணுவம் மயிலிட்டியில் ஒரு பகுதியை விட்டபோது அவனோடு நானும் போனேன். வீடு இல்லை, மதில் இல்லை, எல்லாம் பற்றை. கிணற்றை வைத்துத்தான் வளவைப் பிடித்தான். கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து, "அவனுக்குப் புல்லாங்குழலாவது மிஞ்சிச்சு" என்றான். எவனுக்கு என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் 2017 செப்டெம்பரில் நீங்கள் 'டிஸ்கவரி'யோடு வந்தீர்கள். 12 வருடம் ரிவியில் புதிய ஸ்டார் ட்ரெக் இல்லாமல் இருந்தவர்கள் நாங்கள். நடுவில் வந்த படங்களைச் சொல்ல வேண்டாம், 2009 படத்தில் வல்கன் கிரகத்தையே உடைத்துத்தான் புதுக்கணக்குத் தொடங்கினீர்கள். சரி, ரிவிக்கு வந்தால் பேச்சும் திரும்பி வரும் என்று நினைத்தேன்.

வந்தது வேறொன்று. ஒவ்வொரு சீசனிலும் உலகம் அழியப் பார்க்கிறது. உலகம் என்றால் ஒரு ஊர், ஒரு கிரகம் இல்லை, இருக்கிற எல்லாம். இரண்டாவது சீசனில் ஒரு கணினி அறிவு எல்லா உயிரையும் முடிக்கப் பார்த்தது. 2020இல் வந்த 'பிக்கார்ட்' தொடரில் எங்கிருந்தோ இயந்திரப் பூதங்கள் எல்லோரையும் முடிக்கப் பார்த்தன. எல்லாமே எப்போதும் அழியப் போகிறதென்றால் பார்க்கிறவனுக்கு ஒரு கட்டத்துக்கு மேல் கொட்டாவிதான் வரும். இதை நாங்கள் கொஞ்சம் அனுபவத்தோடு சொல்கிறோம்.

'டிஸ்கவரி' மூன்றாவது சீசனையே எடுங்கள். விண்மீன்கூட்டம் முழுக்க ஒரே நேரத்தில் கப்பல்கள் வெடித்துச் சிதறியிருக்கின்றன, ஏன் என்று யாருக்கும் தெரியாது. 13 எபிசோட் அந்தக் கேள்வியை இழுத்தீர்கள். விடை: தாயை இழந்த ஒரு சின்னப் பிள்ளை அழுதது. நண்பர்கள் வட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, எனக்கு ஆத்திரம் வந்தது. அது எவ்வளவு நல்ல கதை! நூறு வருடத்துக்கு மேல் மாயத்தோற்றங்களுக்கு நடுவில் தனியே வளர்ந்த ஒரு பிள்ளை, தன் அழுகை வெளியே என்ன செய்ததென்றே தெரியாமல் இருக்கிறது. பழைய ஆட்கள் கையில் அது ஒரு மணித்தியாலக் கதையாக இருந்திருக்கும், நாங்கள் 30 வருடம் பேசியிருப்போம். நீங்கள் அதை ஒரு விடுகதைக்கு விடையாக்கி வீணாக்கினீர்கள்.

இதைவிட எனக்குப் பொறுக்க முடியாமல் போனது 'பிக்கார்ட்' முதல் சீசனில் ஒரு காட்சி. ஐச்செப் என்ற பொடியன். 'வொயேஜர்' தொடரில், 'போர்க்' (Borg) என்ற பாதி இயந்திரக் கூட்டத்திடமிருந்து மீட்டு, பாடம் சொல்லிக் கொடுத்து ஆளாக்கிய பிள்ளை. அவனைக் கொண்டுவந்து மேசையில் கட்டிப்போட்டு, மயக்கமருந்தும் இல்லாமல், கண்ணுக்குள் இருந்த கருவியைப் பிடுங்குகிறீர்கள். கமெரா பக்கத்தில் போய் நின்று பார்க்கிறது. யாழ்ப்பாணத்தில் என் வயதுக்காரரிடம் தமிழ்க் கைதிகளைக் கொன்ற 1983 வெலிக்கடைச் சிறை என்று சொல்லிப் பாருங்கள், கண் என்ற சொல்லை நீங்கள் வாயெடுக்கவே தேவையில்லை. இப்படியும் நடக்கும் என்று எங்களுக்குக் காட்டித் தர ஒரு விண்கப்பல் தொடர் வேண்டியதில்லை. நான் ரிமோட்டை அமத்திவிட்டு முற்றத்துக்குப் போய் நின்றேன். மகளுக்கு அப்போது எட்டு வயது, நல்லகாலம் நித்திரை.

இதைச் சொன்னால் உங்கள் பக்கத்துப் பதில் எனக்குத் தெரியும்: காலம் மாறிவிட்டது, இப்போது வளர்ந்தவர்களுக்கான கதை சொல்கிறோம். ஐயா, அம்மா, வளர்ந்தவர்களுக்கான கதையை 1993லேயே சொல்லிவிட்டார்கள். 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் 'டூயட்' என்று ஒரு எபிசோட். ஆக்கிரமிப்புக்கு எதிராக ஆயுதம் தூக்கிய கிரா என்ற பெண், இப்போது அதிகாரி. அவளிடம் ஒரு கைதி அகப்படுகிறான், கொடுமை நடந்த முகாமில் இருந்தவன். தானே அந்த முகாமின் தளபதி என்று பெருமையடித்து அவளைச் சீண்டுகிறான். தோண்டத் தோண்டத் தெரிகிறது, அவன் தளபதி இல்லை, அங்கே கணக்கு எழுதிய சாதாரண கிளார்க். இரவில் கேட்ட அலறல்களுக்குக் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தவன். தன் இனம் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டுமென்று, அந்தத் தளபதியாகத் தூக்கில் தொங்கத்தான் வந்திருக்கிறான். பெரும்பகுதி ஒரு சிறைக்கூண்டுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருவன். இரத்தம் கடைசி நிமிடத்தில்தான். அதை நான் மூன்று தடவை பார்த்திருக்கிறேன். நாலாம் தடவை பார்க்கத் தைரியம் வரவில்லை. ஆகவே எங்களுக்கு இருட்டு ஒத்துக்கொள்ளாது என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த இருட்டுக்குள் இரண்டு பேர் கதைத்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

நீங்களோ 2025 ஜனவரியில் 'செக்ஷன் 31' என்று ஒரு படம் எடுத்தீர்கள். நாயகி, வேற்றுலகில் சக்கரவர்த்தினியாக இருந்து கோடிக்கணக்கில் கொன்றவள். கெல்ப்பியன் என்கிற அறிவுள்ள இனத்தவரைச் சமைத்துச் சாப்பிட்டவள். மிஷெல் யோ நல்ல நடிகை, அவர் மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவளை ஒரு பகிடிக்காரச் சாகசக்காரியாக ஆக்கி என்னைக் கைதட்டச் சொன்னால் எப்படி?

இந்த இடத்தில் எங்கள் ரசிகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. உங்கள் புதிய தொடர்களைத் திட்டுகிறவர்களில் ஒரு பகுதியினருக்குப் பிரச்சினை கதை இல்லை. கறுப்பினப் பெண் கப்டனாக இருப்பதுதான் அவர்களுக்குக் குத்துகிறது. அவர்கள் எந்த ஸ்டார் ட்ரெக்கைப் பார்த்து வளர்ந்தார்களோ தெரியாது. 1966இலேயே அந்தக் கப்பலில் உஹுரா என்ற கறுப்பினப் பெண் அதிகாரி இருந்தார். அந்தப் பாத்திரத்தில் நடித்த நிஷெல் நிக்கல்ஸ் விலகப் பார்த்தபோது மார்ட்டின் லூதர் கிங்கே அவரைச் சந்தித்து, போகாதீர்கள் என்றார். கறுப்பினத்தவரான சிஸ்கோவும் பெண்ணான ஜேன்வேயும் தலைமைக்கு வந்து 30 வருடமாகிறது. அந்தக் கூட்டத்தோடு என்னைச் சேர்த்து எண்ண வேண்டாம்.

பழைய முகங்களைத் திரும்பக் கொண்டுவருவது பற்றியும் ஒரு வார்த்தை. 'பிக்கார்ட்' மூன்றாவது சீசனில் பழைய எண்டர்பிரைஸ் கப்பலின் கட்டளை அறையை அப்படியே மறுபடி கட்டி, எல்லோரையும் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். நான் அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். அடுத்த நாள் கடையில் இருந்து யோசித்தேன்: எதற்கு அழுதேன்? கதையில் ஒன்றுமில்லை. இளம் அதிகாரிகளின் மூளையை எதிரி பிடித்துவிட்டான், கிழடுகள் வந்து காப்பாற்றுகிறார்கள். நான் அழுதது ஜெனரேற்றர் சத்தத்துக்கு. அம்மம்மாவின் வெற்றிலை மணத்துக்கு. அது நான் கொண்டுவந்த சாமான். அதற்கு ஏன் உங்களுக்குக் காசு?

நல்லதும் செய்திருக்கிறீர்கள். 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' 2022 மே மாதம் தொடங்கியது. இலங்கையில் அது என்ன காலம் என்று தெரியுமோ? மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு வரைக்கும் போயிருந்தது. மறுபடி மண்ணெண்ணெய்க்கு வரிசை. நான் அதை போனில் பார்த்தேன். எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள். 2021 நவம்பரில் 'டிஸ்கவரி' நாலாவது சீசன் தொடங்க ஒன்றிரண்டு நாள் இருக்கும்போது, எங்களைப் போன்ற நாடுகளுக்கு அதைக் காட்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்து முழுவதையும் தூக்கியவர்கள் நீங்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன். இருட்டில், கைக்குள் அடங்கிய திரையில், ஒரு எபிசோட்டுக்கு ஒரு கதை என்று மறுபடி பார்த்தேன். கப்டன் பைக் ஆட்களைக் கூப்பிட்டுச் சமைத்துப் போட்டுக் கதைக்கிறார். அடுத்த வருடம், கப்பலின் துணைத்தலைவி தன் பிறப்பை மறைத்ததற்காக நடக்கும் விசாரணையை ஒரு முழு எபிசோட்டாகத் தந்தீர்கள். மகளும் நானும் வாய் மூடாமல் பார்த்தோம். உங்களுக்குத் தெரிகிறது என்பதுதான் எனக்குக் கூடக் கோபம். தெரியாதவன் செய்தால் விட்டுவிடலாம். இப்போது அதையும் ஐந்தாவது சீசனோடு, ஆறே ஆறு எபிசோட்டில் முடிக்கிறீர்களாம். ஒரு காலத்தில் வருடத்துக்கு 26 தந்த வீடு இது. அந்த 26இல் பத்துப் படு மோசம், அதுவும் எங்களுக்குத் தெரியும். ஆனால் மோசமானதைத் துணிந்து எடுக்க இடம் இருந்ததால்தான் நடுவில் 'டார்மொக்' வந்தது.

நான் கேட்பது பெரிய செலவில்லை, உண்மையில் உங்களுக்கு மிச்சம். ஒரு அறை, ஒரு மேசை, ஏழெட்டுக் கதிரை. ஆளுக்கு ஆள் ஒத்துப்போகாத, ஆனால் ஒருவரை ஒருவர் மதிக்கிற ஏழு பேர். முன்னால் ஒரு சிக்கல், உலகம் அழியத் தேவையில்லை, ஒரு சின்னக் கிரகத்தின் தண்ணீர்ப் பிரச்சினை போதும். அவர்கள் கதைக்கட்டும். காதுக்குள் கிசுகிசுக்காமல், எங்களுக்கும் கேட்கிற மாதிரி. விளக்கையும் கொஞ்சம் போட்டுவிடுங்கள். மண்ணெண்ணெய் ஜெனரேற்றரில் ஓடின 14 அங்குல ரிவியிலேயே எங்களுக்குப் பிக்கார்ட்டின் முகம் தெரிந்தது. இப்போது 50 அங்குலத்தில் யார் அழுகிறார்கள் என்று தேட வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
கோண்டாவிலில் இருந்து ஒரு பழைய பார்வையாளன்

பி.கு.: இதை வாசித்துப் பார்த்த மகள், ஒரு விஷயம் விடுபட்டுவிட்டது என்கிறாள். 'டிஸ்கவரி'யில் வந்த அந்தக் கொழுத்த பூனை நல்லதாம். அதை வேறு எந்தத் தொடரிலாவது எப்படியாவது கொண்டுவரச் சொல்கிறாள். அதில் எனக்கும் ஆட்சேபனை இல்லை.